கோண இருசமவெட்டியில் ஓர் அறை

— காம்பஸ் டீச்சர்னு ஸ்கூலே சும்மாவா பேர் வெச்சதும்மா? எனக்கும் பாப்பாவுக்கும் ஒரு ஆப்பிளை நறுக்கினாக்கூட ஸ்கேல் வெச்சுத்தானே நறுக்குவீங்க. இந்த மேப்புல மட்டும் பென்சிலைத் தொட மாட்டேங்கறீங்க.

— நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீங்களே கோடு போட்டுட்டா எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல பேச்சு வராது.

— எதுக்காக வரையணும்னு முதல்ல சொல்லு, பெரியவனே. கேள்வியைப் படிக்காம விடை எழுதக் கூடாது.

— நீங்க குளியலறையில விழுந்து ஒரு மாசமாச்சு. தனியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு ரூம் பாத்து, உங்களைப் பாத்துக்க ஒரு ஆயாவையும் போடணும். அந்த ரூம் என் வீட்டுக்கும் பாப்பா வீட்டுக்கும் சமதூரத்துல இருக்கணும்.

— ரெண்டு பேர் வீட்டுலயும்தான் ரூம் இருக்கே.

— அதைப் பேசி முடிச்சாச்சும்மா.

— யார் பேசினது?

— நானும் பாப்பாவும்.

— சமதூரம் எதுக்கு? சின்னவளே, நீ சொல்லு.

— நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஏதாவது ஒண்ணுன்னா, கிட்ட இருக்கறவங்களைத்தானேம்மா முதல்ல கூப்பிடுவாங்க? அப்புறம் எல்லாத்துக்கும் நானே ஓடணும்.

— ஆஸ்பத்திரியில மூணு நாள் உக்காந்திருந்தது நான், பாப்பா.

— நாலாவது நாள் யாருண்ணே?

— போதும். ஸ்கேலைக் குடு. இது தண்ணித்தொட்டி சந்திப்பு. இங்கேருந்து ரெண்டு ரோடு பிரியுது. வலது ரோட்டுல உன் வீடு, இடது ரோட்டுல அவ வீடு. சந்திப்புலேருந்து ரெண்டும் ஒரே தூரம். நான்தான் அளந்து பாத்து ரெண்டு பேருக்கும் மனை வாங்கினேன். அதனால கோண இருசமவெட்டி போட்டாப் போதும். அதுமேல எந்தப் புள்ளியும் ரெண்டு வீட்டுக்கும் சமதூரம்.

— பாருங்க, கோடு சரியா பேக்கரி மேல போகுது. மாடியில ரூம் காலியா இருக்கு. நேத்தே சொல்லி வெச்சுட்டேன்.

— அண்ணே, அங்க இருபத்திரண்டு படி. அம்மா அந்த இடுப்போட எப்படி ஏறி இறங்குவாங்க?

— ஒரு தடவை தூக்கி ஏத்திட்டாப் போதும். அப்புறம் எதுக்கு இறங்கணும்?

— நான் ஒண்ணும் சொல்லல.

— பத்தாம் வகுப்புல பாதிப் பேர் பண்ற தப்பைத்தான் நீங்களும் பண்றீங்க. சமதூரம்னா பக்கத்துலதான் இருக்கணும்னு நினைச்சுக்கறது.

— வேற எங்கம்மா இருக்கும்?

— கோடு பேக்கரியோட நிக்கல. சந்தையைத் தாண்டுது. பாலத்தைத் தாண்டுது.

— அம்மா, பென்சில் மேப்பை விட்டு மேஜைக்கு வந்துடுச்சு.

— மேஜையும் போதாது, சின்னவளே. அந்த ஜன்னல்கிட்ட ஒரு புள்ளி வெச்சாத்தான் சரியா வரும். அங்க ஒரு முதியோர் இல்லம் இருக்கு. எல்லா அறையும் தரைத்தளம். வாசல்லகூடப் படி கிடையாது.

— பஸ் மாறிப் போனா ரெண்டு மணி நேரம் ஆகுமேம்மா.

— ரெண்டு பேருக்கும் அதே ரெண்டு மணி நேரம்தான்.

— விளையாடாதீங்க. அவசரம்னா அங்க யார் ஓடி வர்றது?

— நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது போன வாரமே என் காதுல விழுந்தாச்சு. அப்பவே இந்தக் கோட்டைப் போட்டுப் பாத்துட்டு விண்ணப்பம் அனுப்பிட்டேன். திங்கட்கிழமை காலையில அவங்க வண்டி வரும். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருந்தது, பெரியவனே. ஒரு பேருக்குத்தான் இடம். அதை வெறுமையா விட்டுட்டேன்.