மீதம் இரண்டு

உலகப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: நீங்கள் முக்கியமான வேலையில் இருக்கும்போது பார்த்து, கணினித் திரையின் வலது மூலையில் ‘புதிய பதிப்பு வந்துவிட்டது, மாறிக்கொள்ளுங்கள்’ என்று முளைக்கிறதே ஒரு பெட்டி, அதற்குள் இருக்கும் வாக்கியங்களை எழுதுகிறவன் நான்தான்.

பதினான்கு வருடமாக இதுதான் தொழில். எங்கள் நிறுவனம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை இயங்குதளத்தைப் புதிதாக வெளியிடும். தயாரானால் சும்மா வெளியிடும். தயாராகாவிட்டால் விழா வைத்து வெளியிடும். முதலில் பெட்டியில் ‘சரி’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. ‘வேண்டாம்’ மனிதர்களைக் குழப்புகிறது என்று கண்டு ‘பிறகு’ என்று மாற்றினேன். அப்புறம் அதையும் ‘சற்று நேரத்தில்’ என்றும், ‘சரி’யை ‘இப்போதே’ என்றும் ஆக்கினேன். யாரும் புகார் சொல்லவில்லை. புகார்களைப் படிப்பதும் நான்தான்.

நான்காம் பதிப்பு மட்டும் தலைவலியாக இருந்தது. அது நன்றாக வேலை செய்து தொலைத்தது. பன்னிரண்டாம் பதிப்பு வருவதற்குள் அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எங்கள் கிளைக்கு உட்பட்ட கணினிகளில் இன்னும் மாறாதவை எத்தனை என்று மேலாளர் அறைச் சுவரில் ஒரு பலகை காட்டும். ஆயிரங்களில் இருந்த எண் என் வாக்கியங்களால் தேய்ந்து தேய்ந்து, கடைசி வெள்ளிக்கிழமை ‘மீதம் 2’ என்று நின்றுவிட்டது.

“ஒண்ணுன்னா கணக்குப் பிழைன்னு சொல்லிக்கலாம் சார். ரெண்டுன்னா அது எதிர்ப்பு,” என்றார் மேலாளர். “திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணையாவது சாய்ச்சிடுங்க.”

பதிவெண்களைப் பார்த்தேன். ஒன்று என் அக்கா வீட்டுக்காரருடையது. இன்னொன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவசரமில்லை.

அத்தான் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் போட்டு, பள்ளிச் சீருடைச் சின்னங்கள் தைத்துக் கொடுப்பவர். மெஷினை ஓட்டும் மென்பொருள் நான்காம் பதிப்பில் மட்டும்தான் வேலை செய்யும். அதைச் செய்த கம்பெனியை மூடிப் பத்து வருடம் ஆகிறது. பதினேழு வருடமாக அவர் வரைந்த டிசைன்கள் வேறு எதிலும் திறக்காது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை ஒன்பதாம் பதிப்பிலேயே அடைத்துவிட்டோம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடப் போனேன். மறுநாள் கொடுக்க வேண்டிய முந்நூறு சின்னங்களை மெஷின் கடகடவென்று தைத்துக்கொண்டிருந்தது. திரையின் வலது மூலையில், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது.

“என்னத்தான் இது?”

“அங்க ஒரு ஆளு அடிக்கடி வந்து அறிவுரை சொல்றான் மாப்ள. வாயை அடைச்சு வச்சிருக்கேன்.”

“டேய், அது நீ எழுதுறதுதானே?” என்று அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள். “உன் வாயிலயே ஒட்டின மாதிரி இருக்குடா!”

நானும் சிரித்தேன். நல்ல குடும்பம்.

அத்தான் கை கழுவப் போனார். பிளாஸ்திரியை நுனியில் பிடித்து உரித்தேன். அடியில் என் வாக்கியம் பாவமாகக் காத்திருந்தது. ‘இப்போதே’ என்பதை அழுத்திவிட்டு, பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் அதே இடத்தில் ஒட்டினேன். அடுத்தவர் பொருளை எடுத்தால் இருந்தபடியே வைப்பது என் பழக்கம். பிறகு உள்ளே போய், இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நாங்கள் எழுந்து வந்தபோது மெஷின் நின்றிருந்தது. பாதி தைத்த சின்னத்தில் சிங்கத்துக்குத் தலை இருந்தது, உடம்பு இல்லை. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. நடுவில், ‘தாங்கள் விரும்பியபடியே புதுப்பித்துவிட்டோம்.’ அதுவும் என்னுடையதுதான். ‘விரும்பியபடியே’ என்ற சொல்லுக்கு எனக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

அத்தான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். “நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல மாப்ள. விரும்பியபடின்னு போட்டிருக்கே. பழசுக்குத் திரும்ப வழியே இல்லையா?”

“இல்லத்தான். விடுங்க, வயசானா கை தவறத்தான் செய்யும்,” என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

“பாத்து அமுக்குங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!” என்று அக்கா அவரைத்தான் திட்டினாள்.

மெஷின் இப்போது துணி காயப்போட உதவுகிறது. அத்தானை நான் கைவிட்டுவிடவில்லை. எங்கள் உதவி மையத்தில் சேர்த்துவிட்டேன். பழையதை விடமாட்டேன் என்று அடம்பிடித்து அழைப்பவர்களிடம், “ஒண்ணும் ஆகாதுங்க, நானே மாறினவன்தான்,” என்கிறார். குரல் கொஞ்சம் நடுங்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி ஒரு மச்சினன் யாருக்கு வாய்ப்பான் என்று சொந்தக்காரர்கள் என்னைக் கொண்டாடுகிறார்கள்.

திங்கட்கிழமை பலகை ‘மீதம் 1’ என்றது. கணக்குப் பிழைக்குக் கைதட்டினோம். மேலாளர் மனித குலத்தின் புதிய விடியலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அதில் இருபது நிமிடம் அவருடைய கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பழசைப் பிடித்துக்கொண்டு யாரும் தொங்கக் கூடாது என்பது என் கொள்கை. சொந்தக்காரர் என்பதற்காக அதைத் தளர்த்தாதவன் நான்.

அந்த இன்னொரு கணினி என் வீட்டில் இருக்கிறது. இதை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றாக ஓடுகிறது, அதனால் மாற்றவில்லை.