ஆன்டெனாவில் ஈரத்துணி

— எக்கா, இது யாரு ஜட்டி?

— எதுட்டி?

— இந்தா, என் ஆன்டெனாவுல தொங்குது பாருங்க. பக்கத்துல ரெண்டு ஈரத் துண்டு. கடைசிக் கம்பியில ஒரு பாவாடை.

— ஓ, அதுவா. பாவாடை என்னோடது. மத்ததெல்லாம் ஏழாம் நம்பர் ரூம்காரனுக்குள்ளது. மதுரையிலருந்து குடும்பத்தோட வந்திருக்கான். ஐந்தருவியில குளிச்சிட்டு வந்து காயப்போட்டான். நல்ல மனுசன், கேட்டுட்டுத்தான் போட்டான்.

— நீங்க என்ன சொன்னீய?

— தாராளமாப் போடுங்கன்னேன். நான் லாட்ஜு நடத்துதேன் சனோபரு. குத்தாலத்துக்கு வாறவன் குளிக்கத்தான் வாறான். குளிச்சா துணி நனையும். நனைஞ்ச துணிய அவன் தலையிலயா காயப்போடுவான்?

— அங்கன கொடி கட்டிக் கெடக்குல்லா?

— ஒரு கொடி சனி ஞாயிறுக்குப் பத்துமா? உன் சாமான் நல்லா கை கையா நீட்டிக்கிட்டு, துணி காயப்போடுததுக்குன்னே செஞ்ச மாதிரி நிக்கி. காத்தும் அந்த மூலையிலதான் வாட்டமா வருது.

— அதத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?

— சொன்ன. இந்த இசக்கிச்செல்வி குடுத்த வாக்கு தவற மாட்டா. இன்ன வரைக்கும் ஒரு விரல் பட்டதில்ல. தள்ளி நின்னு எறிஞ்சுதான் போடுவேன்.

— ரப்பே. எப்பருந்து நடக்கு இது?

— சீசன் தொடங்குனதுலருந்தேதான். ஏன்ட்டி மூஞ்சி இப்பிடி வெளிறிப் போச்சு? அந்தத் தண்ணி டேங்கு நிழல்ல உக்காரு. ரம்பூட்டான் பழம் உரிச்சுத் தரட்டா?

— ஒண்ணும் வேண்டாம். எக்கா, இந்த ஆன்டெனா எதுக்கு இங்கன நிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

— சூரியனப் படம் புடிக்குன்னு எங்க வீட்டுக்காரவ சொன்னாவ. போலீஸ்காரரு சொன்னா சரியாத்தான இருக்கும்.

— படம் இல்ல, சத்தம். வானத்துலருந்து எந்நேரமும் ஒரு இரைச்சல் வந்துக்கிட்டே இருக்கு. ரேடியோவுல ஸ்டேஷன் கெடைக்காட்டா உஸ்ஸுன்னு கேக்கும்லா, அது மாதிரி. தென்காசியில எங்க வீட்டு மாடியில வச்சா பஜார்ல ஓடுத மோட்டாரு, எரியுத லைட்டுன்னு எல்லாச் சத்தமும் உள்ள வந்துரும். அதான் மலையோரமா இருக்கேன்னு உங்க மாடியக் கேட்டேன்.

— செரி.

— சூரியன்ல பெருசா ஒரு வெடிப்பு வந்தா, நமக்கு மேல ரொம்ப உசரத்துல காத்து மாறிப்போவும். அது அந்த இரைச்சல முழுங்கிரும். தென்காசியில என் கம்ப்யூட்டர்ல கோடு கீழ இறங்கும்.

— இறங்கட்டும். அதுக்கென்ன?

— இந்த சீசன்ல அடிக்கடி இறங்குச்சு. அந்தந்த நேரத்துக்கு ஆதித்யா டேட்டாவ எடுத்து வச்சுப் பாத்தேன்.

— ஆதித்யா யாருட்டி? உங்க வாப்பாவுக்குத் தெரியுமா?

— சேட்டிலைட்டுக்கா. சூரியனையே பாத்துக்கிட்டு இருக்க சேட்டிலைட்.

— அப்பிடிச் சொல்லு. பாத்துட்டு என்ன சொல்லுதாராம்?

— என் கோடு இறங்குன நேரத்துலல்லாம் சூரியன் சும்மாதான் கெடந்துச்சாம். அப்ப சூரியன் இல்லாம வேற ஏதோ ஒண்ணு அந்த இரைச்சல முழுங்குதுன்னு அர்த்தம். யாரும் இதுவரைக்கும் சொல்லாதது. அதக் கண்டுபிடிச்சிட்டேன்னு பேப்பர் எழுதி முடிச்சாச்சு. சாயங்காலம் எங்க கைடு மேடம் பெங்களூருலருந்து ஜர்னலுக்கு அனுப்பப்போறாவ. என் பி.எச்டி.யே அத நம்பித்தான் நிக்கி.

— அப்ப நீ கண்டுபிடிச்சது...

— ஈரத்துணி. ஈரத்துணியப் போட்டா ஆன்டெனா பாதிச் செவிடாயிரும். சனி ஞாயிறுதான் நெறைய இறங்குதுன்னு பாத்த உடனேயே எனக்கு மூளை வேல செஞ்சிருக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வாராந்திரச் சுழற்சின்னு பேரு வச்சு, தீசிஸ்ல அதுக்குத் தனியா ஒரு அத்தியாயம் எழுதிருக்கேன்.

— அடிப்பாவி, மதுரக்காரன் ஜட்டிக்கு அத்தியாயமா?

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. செரி, சிரிச்சேன். வாய மூடிக்கிட்டேன். அதுக்கு ஏன்ட்டி அழுத? மூதி, கண்ணத் தொடச்சுக்கோ. அந்தத் துண்டு வேண்டாம், அது அவன் தொடச்சது.

— அழாம என்ன செய்ய? நாலு வருசம்க்கா. மேடத்துக்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?

— எதுக்குச் சொல்லணும்? துணிய உருவிப் போட்டுட்டு, பேப்பர அனுப்பிரு. யாருக்குத் தெரியப்போவுது? நான் வாயத் தொறக்க மாட்டேன். மதுரக்காரன் தன் ஜட்டியப் பத்தி ஊருல போயா பேசப்போறான்?

— எனக்குத் தெரியும்லா. தெரிஞ்சுக்கிட்டே அனுப்புனா களவு.

— செரி, உன் இஷ்டம். என்ன நோண்டுத ஃபோன்ல?

— மேடத்துக்கு மெசேஜ். இறங்குனது பூராவும் லாட்ஜுத் துணியால, பேப்பர அனுப்பாதீங்கன்னு. இந்தா, போட்டுட்டேன். முடிஞ்சுபோச்சு.

— பொறு, பொறு. பூராவும்னா? எல்லாப் பழியவும் என் தலையில கட்டிட்டியா? எந்தெந்த நாளுன்னு சொல்லு, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.

— சனி ஞாயிறு எல்லாம்.

— ஒத்துக்கிடுதேன்.

— ஆடி அமாவாசை.

— அன்னைக்கு மாடி பூரா வேட்டி. ஒத்துக்கிடுதேன்.

— சாரல் விழா முடிஞ்ச மறுநாள், திங்கக்கிழமை மத்தியானம். இருக்கதுலயே பெரிய இறக்கம் அதான்.

— அது நான் இல்ல.

— எக்கா, இத்தனய ஒத்துக்கிட்டாச்சு, இனி அது ஒண்ணுல என்ன இருக்கு?

— செய்யாத குத்தத்த நான் எதுக்குட்டி ஏத்துக்கிடணும்? அன்னைக்கு அருவியில வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டாவல்லா. எங்க வீட்டுக்காரவதான் மெயின் அருவியில விசிலடிச்சு சனத்த வெரட்டுனாவ. அவ்வொ வெரட்டுனதுல பாதி நம்ம லாட்ஜு ஆளுவ. எல்லாரும் காலையிலேயே ரூம காலி பண்ணிட்டுப் போயிட்டாவ. அதுக்குப் பொறவு எங்க வீட்டுல நடந்த சண்ட உனக்குத் தெரியாது.

— உங்க சேலயக் காயப்போட்டிருப்பீய.

— ஆளில்லாத லாட்ஜுல எனக்கென்ன சோலி? மாடிக் கதவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிட்டு, கீழப்பாவூர் நரசிம்மரக் கும்பிடப் போயிட்டேன். பொழுதடைஞ்சுதான் வந்தேன்.

— குரங்கு?

— குரங்கு துணிய உருவிக்கிட்டு ஓடும். கொண்டாந்து காயப்போட்டு நான் பாத்ததில்ல.

— மழை? வெள்ளம் வந்துச்சுன்னா மழையில ஆன்டெனா நனைஞ்சிருக்கும்லா.

— மழை மலைக்கு மேலதான். இங்கன பொட்டுத் துளி இல்ல, வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது. அதான சனத்துக்கு அம்புட்டுக் கோவம், இந்த வெயில்ல குளிக்க விட மாட்டேங்காவளேன்னு.

— துணி இல்ல. மழை இல்ல.

— இல்லங்கேன்.

— சூரியனும் சும்மாதான் கெடந்துச்சு. ஆனா கோடு இறங்கிருக்கு.

— ஃபோன் அடிக்கி பாரு.

— மேடம்தான். மெசேஜப் பாத்துட்டுக் கூப்பிடுதாவ. நான் என்னக்கா சொல்லுவேன்?

— அத அப்புறம் எடுக்கலாம், மொதல்ல எனக்கு ஒரு பதில் சொல்லு. நம்ம லாட்ஜுல அன்னைக்கு ஒரு ஈ காக்கா இல்ல. அப்ப அங்கன, வானத்துல, துண்டு காயப்போட்டது யாருட்டி?