— எந்த ஊருக்குப் போன, லோரீன்?

— இருங்க, இருங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துனா போன்ல எனக்கு ஒண்ணும் வெளங்காது. இது அரசாங்க விசாரணை, பேசுறதெல்லாம் பதிவாகுது. லோரீன் அம்மா, நீங்க சொல்லுங்க. பிப்ரவரி ஆறு, ஏழு, எட்டு, மூணு நாள் ரொட்டி ஃபேக்டரிக்குப் போகல. சரிதானே?

— போகலதான் அய்யா. இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? வர முடியாதுன்னு மூணு நாளும் விடியக்காலம் அஞ்சு மணிக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன். பதினோரு வருசமா அடுப்புக்கிட்ட நின்னு வெந்தவ நான். அந்த மூணு நாளுக்கு முன்ன சும்மா ஒரு நாள் நின்னது கிடையாது.

— சார், சூப்பர்வைசர் கர்டிஸ் பேசறேன். போன் பண்ணினா, இல்லைன்னு சொல்லல. 'சொந்த வேலை'ன்னா. என்ன வேலைன்னு கேட்டா டக்குனு வெச்சுட்டா. காரணம் சொல்லாம மூணு நாள் நின்னா வேலை போகும்னு கையெழுத்துப் போட்டவதான் சார் இவ.

— அந்தக் காகிதம் எங்கிட்ட இருக்கு. அப்படியும் வேலை போனவங்களுக்கான உதவித்தொகைய அரசாங்கம் இவங்களுக்குக் கொடுத்திருக்கு. கொடுக்கக் கூடாதுன்னு உங்க கம்பெனி அப்பீல் பண்ணியிருக்கு. வழக்கமா உங்க ஆபீஸ்லேர்ந்து பெய்ஜ் அம்மாதானே பேசுவாங்க?

— நானே பேசறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன் சார். எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல.

— நியாயம்! யாரு வாயில என்ன வார்த்த வருது பாருங்க.

— லோரீன் அம்மா, குறுக்க பேசாதீங்க. நீங்க ஆத்தங்கரை சூதாட்ட விடுதிக்குப் போனீங்கன்னு கம்பெனி எழுதியிருக்கு. உண்மையா?

— சர்ச்சுல பிங்கோ ஆடுவேன் அய்யா. ஒரு தடவ ஒரு வான்கோழி கெடச்சிச்சு. என் சூதாட்டமெல்லாம் அவ்வளவுதான்.

— அப்ப எங்க போனீங்க?

— ஒரு அவசரம். போக வேண்டியிருந்துச்சு.

— உங்களுக்கு உடம்பு சரியில்லையா? சொந்தக்காரங்க யாராவது செத்துட்டாங்களா?

— இல்லீங்க.

— அம்மா, எதையோ மறைக்கிறீங்க. எனக்கு அப்படித்தான் படுது.

— மறைக்கிறேன் அய்யா. மறைக்கலைன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

— ம். கர்டிஸ், நீங்க இவங்களக் கேள்வி கேக்கலாம். வேலை சம்பந்தமா மட்டும் கேளுங்க.

— கேக்கறேன்னு தப்பா நெனைக்காத லோரீன். ஆறாந்தேதி காலையில வண்டி எந்தப் பக்கம் போச்சு? வடக்கயா? ஏரிப் பக்கமா?

— சொல்ல மாட்டேன்.

— வண்டியில உன்கூட யாரு இருந்தா?

— சொல்ல மாட்டேன்.

— பின்சீட்டுல குழந்தை உக்கார்ற சின்ன சீட்டு கட்டியிருந்துச்சு. உன் பையன் கல்யாணம் ஆகி டெக்சஸ்ல இருக்கான். உனக்கெதுக்கு அந்தச் சீட்டு?

— நில்லுங்க கர்டிஸ். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எதிர்வீட்டுக்காரர் பாத்திருக்காரு சார்.

— அவரை எப்பக் கேட்டீங்க?

— அன்னைக்கு மத்தியானமே போய்... ஆள் வரலையேங்கற கவலையிலதான் சார்.

— வேலைக்கு வராத ஒவ்வொருத்தர் தெருவுக்கும் போய் விசாரிப்பீங்களா?

— எனக்கு இதுல ஒண்ணும் இல்ல சார். பொய் சொல்றாளான்னு தெரியணும், அவ்வளவுதான்.

— லோரீன் அம்மா, கடைசியாக் கேக்கறேன். தகுந்த காரணம் சொல்லலைன்னா உங்க பக்கம் எழுத எனக்கு வழியில்ல. உதவித்தொகை நின்னுடும். வாங்கின ஏழு வாரப் பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க.

— இவரை லைன்லேர்ந்து இறக்கிவிட்டுட்டுக் கேளுங்க அய்யா. ஒண்ணு விடாமச் சொல்றேன்.

— சட்டம் அதுக்கு எடம் கொடுக்காது. நீங்க சொல்றது அவருக்கும் கேக்கணும்.

— அப்ப வேண்டாம்.

— பாத்தீங்களா சார் திமிர? வேற எதுவும் வேண்டாம், எந்த ஊருன்னு மட்டும் கேளுங்க. ஊர்ப் பேரச் சொல்லட்டும், அப்பீலையே இப்பவே வாபஸ் வாங்கிடறேன்.

— என்னது?

— இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— கம்பெனிக்காகப் பேச வந்தவர் நீங்க. ஒரு ஊர்ப் பேருக்காக வழக்கையே விட்டுடறேங்கறீங்க. அந்த ஊர்ல உங்களுக்கு என்ன இருக்கு கர்டிஸ்? லோரீன் அம்மா, நீங்களாவது சொல்லுங்க, இவர் என்னதான் தேடறாரு?

— அய்யா, எனக்கு எதிராவே எழுதிக்கங்க, ஏழு வாரத்தையும் கட்டிடறேன். ஆனா பதிவாகுதுன்னீங்களே, இதையும் பதிஞ்சு வைங்க: நான் வண்டியில கூட்டிட்டுப் போய் விட்டது இவர் பொண்டாட்டியையும் புள்ளையையும், போன தடவ அவ தப்பிச்சு ஓடுனப்ப இவர் கையில சிக்கி, அவ கை ரெண்டு எடத்துல ஒடைஞ்சிது.