சாம்பலைத் தொட்டுப் பார்க்கும் கை

அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பஞ்சாயத்து மெம்பர் மோகனசுந்தரம் அவர்களே, கோயில் கமிட்டிப் பெரியவர்களே, காலையிலிருந்து பொங்கல் அடுப்பில் வெந்துவிட்டு இப்போது முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே, கரும்புக்காட்டிலிருந்து கை கழுவி வந்திருக்கும் அண்ணன்மார்களே, முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த தம்பி ராஜசேகரே, உங்கள் அனைவரையும் மறையூர் காக்கும் மாரியாத்தாளின் பேரைச் சொல்லிக் கும்பிட்டு நிற்கிறேன், சாந்தம்மாள்.

விழா எதற்கென்று உங்களுக்குத் தெரியும். தம்பி மகள் ஆர்த்தி தீயணைப்புப் படைக்குத் தேர்வாகிவிட்டாள். நாளைக் காலை பயிற்சிக்குப் பஸ் ஏற வேண்டும். மாலை போட்டாயிற்று, பொன்னாடை போர்த்தியாயிற்று. ஆனால் பெற்ற அப்பன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. “எல்லாத்தையும் சந்தேகப்படுறவள எந்த ஆபீசர் சகிப்பாரு? நாலே நாள்ல திருப்பி அனுப்பிருவாங்கக்கா” என்கிறான். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எழுந்து போய்விட்டான். மைக்கில் சொன்னால் எங்கே எழுந்து போவான்?

எனக்கு முன் பேசிய பெருமக்கள் எல்லாம் தைரியம், தைரியம் என்று முழங்கினார்கள். கேட்கிறேன் சபையோரே, தைரியத்துக்கா இந்த ஊரில் பஞ்சம்? நம் சுடலைமணியிடம் இல்லாத தைரியமா? அதோ, வாயில் பீடியை வைத்துக்கொண்டே ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறான். சிரிக்காதீர்கள். மணி, அந்தப் பீடியை முதலில் மிதி. டீசல் கேனைத் தள்ளி வை. இன்னும் தள்ளி. ஆங், இனி பேசலாம்.

தீயோடு மல்லுக்கு நிற்கப் போகிறவளுக்கு உடம்பில் வலு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பொறுமை வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது சந்தேகம். அணைந்தது என்பார்கள், அணைந்ததா என்று கேட்க வேண்டும். ஆளில்லை என்பார்கள், இல்லையா என்று கேட்க வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் செய்த தப்பில் படித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம். தம்பியின் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை. விடியலில் தொடங்கிய பாகு பத்து மணிக்கு இறங்கிவிட்டது. ஆட்கள் சாப்பிடக் கலைந்தார்கள். எங்கள் குடும்ப வழக்கம் தெரியுமே? ஆலை அடுப்பில் தண்ணீர் ஊற்ற மாட்டோம். சாம்பலை வாரி மூடி, விபூதி தூவி, கற்பூரம் காட்டி, ‘அம்மா தூங்குகிறாள்’ என்று சொல்லிவிட்டு வருவோம். ஊற்றினால் லட்சுமி போய்விடுவாள் என்பது நம்பிக்கை. அன்றைக்கு மூடியது இந்தக் கைதான்.

பின்னாலேயே வந்தாள் ஆர்த்தி. குனிந்து, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்தாள்.

“அத்தை, அடியில இன்னும் சுடுது. ஒரு குடம் ஊத்திரவா?”

எனக்கு வந்ததே கோபம். “எந்நேரமும் சந்தேகந்தானா ஒனக்கு? ஆத்தாளையே சந்தேகப்படுறியாட்டி?” என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகைக்கு வெளியே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் திட்டிக்கொண்டே போனேன்.

உச்சி வெயிலில் காற்று எழுந்தது. சாம்பல் பறந்தது, கங்கு கண் விழித்தது, பக்கத்தில் காய்ந்து கிடந்த கரும்புச் சக்கை பற்றியது. அவள் போட்ட சத்தத்தில் ஊரே ஓடி வந்தது. உள்ளே ஆள் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பாகு காய்ச்சும் குருசாமி அண்ணன் வீட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று சுடலைமணி சத்தியமே செய்தான். தலை குனியாதே மணி, அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் சொன்னோம்.

அவள் மட்டும் வாசலையே பார்த்தாள். பாகு காய்ச்சும் இடத்துக்குள் செருப்போடு யாரும் போக மாட்டோம் அல்லவா? அந்த வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

“வீட்டுக்குப் போன மனுசன், இந்த வெயில்ல வெறுங்காலோடயா போனாரு?”

தைரியசாலி சுடலைமணி முன்வாசல் வழியே நெருப்புக்குள் பாயப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தாள். பின்பக்கம் ஓலைத் தட்டியை வெட்டச் சொன்னாள், ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு குனிந்து போகச் சொன்னாள். கரும்புக் கட்டுக்குப் பின்னால் கண்ணயர்ந்து, புகையில் மயங்கிக் கிடந்தவரைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாரே, அவர்தான். அந்த முறுக்கு யார் தந்த முறுக்கு, அண்ணே? என் மருமகளின் சந்தேகம் தந்த முறுக்கு.

தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது, இறங்கிய அதிகாரி முதலில் கேட்டது என்ன தெரியுமா? ‘உள்ளே ஆள் இல்லை என்று யார் பார்த்தது?’ தம்பி, எந்த ஆபீசர் இவளைச் சகிப்பார் என்று கேட்டாயே. அந்த ஆபீசரே இவளைப் போலத்தான் இருந்தார்.

என்ன, நேரமாகிறதா? மெம்பர் கடிகாரத்தைத் தட்டுகிறார். முடித்துவிடுகிறேன்.

அன்றைக்குப் பிறகும் நாம் திருந்தினோமா? எனக்குச் சந்தேகம். இந்த மேடைக்குப் பின்னால் ஆத்தாளுக்குப் பொங்கிய அடுப்பு இருக்கிறது. சாம்பல் போட்டு மூடியிருக்கிறார்கள். அணைந்துவிட்டது என்கிறார்கள். மூடியவர்களும் அம்மா தூங்குகிறாள் என்று கும்பிட்டுத்தான் வந்திருப்பார்கள். மேலே சாமியானாத் துணி, இந்தப் பக்கம் டீசல், நடுவில் நாம் முந்நூறு பேர். இந்தக் கூட்டத்தில் யார் போய்த் தொட்டுப் பார்த்தீர்கள்?

யாரது எழுந்திருப்பது? தம்பி, நீயா? பேச்சு பிடிக்காமல் போகிறாயா? இல்லை, குடத்தை எடுக்கிறான். வழி விடுங்கள். மைக்குக்காரத் தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறை.

கேட்டதா, சபையோரே? ‘உஸ்’ என்றதே, அந்தச் சத்தம் கேட்டதா? அணைந்த அடுப்பா அப்படிச் சீறும்? இங்கிருந்தே ஆவி தெரிகிறது.

ஏதோ கேட்கிறான் தம்பி. உரக்கக் கேளடா, ஊரும் கேட்கட்டும்.

“பஸ் எத்தன மணிக்குக்கா?”

ஏழு மணிக்கு, ராசா. ஆர்த்தி, கண்ணைத் துடைத்துக்கொள், புகையென்று சொல்லிக்கொள்ளலாம்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. நாளைக் காலை ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் வந்து பிள்ளையை வழியனுப்பி வைக்க வேண்டும். கிளம்பும்போது அவரவர் வீட்டு அடுப்பில் ஒரு குடம் ஊற்றிவிட்டு வாருங்கள். ஆத்தா கோபித்தால் சாந்தம்மாள் பேரைச் சொல்லுங்கள். வணக்கம்.