சித்திரை முதல் தேதி மழை

"...வறண்ட வானிலையாம்ல, வறண்ட வானிலை! இந்தா, இந்தச் சாக்கை மோந்து பாரு தாயி. சும்மா மோந்து பாரு. வறண்ட வாடையா இது? ரேடியோக்காரன் சொன்னான், 'மேற்கு மலைப் பகுதிகளில் வறண்ட வானிலை'ன்னு. வெத்தலையை ஒதுக்கிக்கிட்டுப் பேசுறவன் மாதிரி என்னா நெதானமாச் சொன்னான்ங்கிற! நம்பி, அம்புட்டு மொளகையும் களத்துல பரப்பிட்டுப் படுத்தேன். விடிஞ்சு பாத்தா பாயோட மெதக்குது! காயவச்சுக் காயவச்சுப் பாத்தேன், பூஞ்சணம் விட்டுருச்சு. போடில அந்த யாவாரி கையால கூடத் தொடல. 'இதை மண்டிக்குக் கொண்டாந்ததுக்கு மருந்தாசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்மா'ங்கிறான். நக்கலு!"

மோந்து பார்க்க வேண்டிய அவசியமே திரிபுரசுந்தரிக்கு இருக்கவில்லை. போடியிலிருந்து மலையேறும் அந்த பஸ்ஸில், ஜன்னல் கம்பிக்கும் அந்த மிளகுச் சாக்குக்கும் நடுவில்தான் அவள் ஒரு மணி நேரமாகச் சிக்கிக் கிடந்தாள். சாக்குக்குச் சொந்தக்காரி தன் பெயர் அழகுத்தாய் என்பதில் தொடங்கி, நாத்தனார் மூக்குத்தி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வானிலைக்கு வந்திருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் திரிபுரசுந்தரி பத்து வார்த்தைக்குப் பன்னிரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். சொந்த ஊரான கல்பாத்தியில் அவளோடு வாதாட அஞ்சி, எதிரே வந்த பெரியப்பா அடுத்த சந்தில் திரும்பிப் போனதுண்டு. ஆனால் நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் வெளியே வருவது வாதமாக இருக்காது.

மடியில் துணிப்பை. பைக்குள் மூன்று வருஷ உழைப்பு: அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டிய ஆய்வேடு. குருவிப்பாறை எஸ்டேட்டின் மழைமானி சொன்ன இருபது வருஷக் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. அறுபத்தாறு வரைக்கும் கோடை மழை கொட்டியிருக்கிறது. அதற்கப்புறம் வரைபடத்தின் கோடு, மலையிலிருந்து உருண்ட பாறை போல விழுகிறது. மலை மாறிவிட்டது, மழை செத்துக்கொண்டிருக்கிறது, கொன்றது கோடாலி. இதை அவள் இருநூறு பக்கத்தில் நிரூபித்திருந்தாள். அதிலும் ஐந்தாம் அத்தியாயம் அவளுக்குச் செல்லப்பிள்ளை. அறுபத்தேழிலிருந்து ஒவ்வொரு சித்திரை முதல் தேதியும் தவறாமல் மழை. அதுவும் நாலு, ஐந்து, ஆறு என்று வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டராகக் கூடி, போன வருஷம் பதினொன்று! தற்செயல் என்றார் பேராசிரியர். "எட்டு வருஷம் விடாமல் நடந்தால் அதற்குப் பெயர் தற்செயலா சார்?" என்று ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி, கடற்காற்றையும் சூரியப் புள்ளியையும் சாட்சிக்கு இழுத்து ஜெயித்திருந்தாள். இனி பாக்கி அந்த மழைமானியின் ஒரு புகைப்படம்தான். அதற்காகத்தான் இரவல் காமிராவும், இந்த பஸ்ஸும், இந்த நாற்றமும்.

"மழை ஏன் கெட்டுச்சின்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாய்ங்க. எங்க கங்காணி சொல்றான், சந்திரனுக்கு ராக்கெட்டு விட்டான்ல, அது மேகத்தைக் கிழிச்சிருச்சாம். கிழிஞ்சா ஒழுகணும்ல? அதுக்குப் பதில் இல்ல. ஸ்டோர்க்காரரு சொல்றாரு, போன வருசம் பாலைவனத்துல குண்டு வெடிச்சாங்கள்ல, அந்தச் சூடாம். எங்க வடக்க இருக்கு பாலைவனம்! அங்க அடுப்பு மூட்டுனா இங்க உலை கொதிக்குமா? இதுல போன மாசம் படிச்ச கூட்டம் ஒண்ணு ஜீப்புல வந்துச்சு. மரத்தை வெட்டுனதால மழை கொறஞ்சிருச்சாம். கணக்கு இருக்காம்!"

எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து திரிபுரசுந்தரி வேகமாகத் தலையாட்டினாள்.

"என்னத்த ஆமாங்கிற? மரம் வெட்டுனது நெசம். ரோட்டோரம் பாத்தியா, மொட்டை அடிச்சு வச்சிருக்கான். ஆனா மழை கொறஞ்சுச்சின்னு எப்பிடிச் சொல்லுவ? அளந்தவளைக் கேக்கணும்ல? அளந்தது ஆரு? நாந்தேன்! குருவிப்பாறைல அந்த மழை டப்பாவுக்கு ஒம்பது வருசமா நாந்தேன் பொறுப்பு!"

எலுமிச்சம்பழம் கையை விட்டு உருண்டு, சாக்குக்கு அடியில் போய்விட்டது.

"முன்னே யாக்கோபு பெரியவரு அளந்தாரு. காலைல எட்டரை மணின்னா எட்டரை மணி. காச்சலா இருந்தாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டு டப்பா இருக்குற மேட்டுக்குப் போயிருவாரு. நல்ல மனுசன், போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் மானேஜர் எங்க வீட்டு மனுசன் தலையில கட்டுனாரு. அவரு ஏழு மணிக்கே ஆளு கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போயி ஆளைப் பிரிச்சுவிட்டு, எட்டரைக்கு ரெண்டு மைலுக்கு அங்கிட்டு ஏலக்காட்டுக்குள்ள நிப்பாரு. எப்பிடி அளப்பாரு? எந்தலையில கட்டிட்டாரு. மொத வருசம் நானும் ஒழுங்காத்தேன் போனேன். அட்டை ஏறி ஏறிக் காலெல்லாம் ரத்தம்! ஒரு சித்திரைல ஒரே ராத்திரி தொண்ணூத்திரெண்டு. இந்தக் கண்ணால பாத்து எழுதுனேன். என்னாச்சு? ஆபீஸ்லருந்து கடுதாசி! 'இத்தனை எப்படி? சரிபார்த்து விளக்கம் தரவும்.' மழைக்கு நான் என்னத்த வெளக்கம் சொல்றது? அது பெஞ்சுச்சு. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, 'ஏன்மா வம்பு'ங்கிறாரு. அன்னைக்குப் படிச்ச பாடம் தாயி... சைபருக்கு எவனும் கடுதாசி போடுறதில்ல!"

பஸ் வளைந்தது. திரிபுரசுந்தரி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுலருந்து சைபர்தேன். பொறவு டப்பா மேல மழையை வாங்குற அந்தப் புனலு... நல்ல செம்புப் புனலு, சும்மா மேட்டுல வெயில் காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்த வீட்டுக்குக் கொண்டாந்தேன். திருப்பி வைக்கணும் வைக்கணும்னு... எங்க ஓடுது பொழுது! ஆனா ஒண்ணு, மாசம் பூரா முட்டை முட்டையா இருந்தாலும் சந்தேகப்படுவான்ல? நடுநடுவுல ரெண்டு, மூணு போடுவேன். நல்ல நாளு பெரிய நாளு வந்தா எனக்கே மனசு கேக்காது. வருசப்பொறப்பன்னைக்குப் போயி சைபர் எழுதலாமா? வெளங்குமா? மங்களமா இருக்கட்டும்னு, மூத்தவளுக்கு என்னா வயசோ அதை எழுதிருவேன். ஆரம்பிச்சப்ப அவளுக்கு நாலு. இந்தச் சித்திரைக்குப் பன்னெண்டு ஆச்சு. மளமளன்னு வளந்துட்டா!"

நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஐந்தாம் அத்தியாயத்தின் வரைபடம் திரிபுரசுந்தரியின் கண்ணுக்குள் ஒரு சிறுமியாக எழுந்து நின்றது. கடற்காற்றை உண்டு, சூரியப் புள்ளியைக் குடித்து, பாவாடை குட்டையாகிப் போகும் வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. மழை உண்மையிலேயே குறைந்துதான் இருக்கலாம். மொட்டைச் சரிவுகள் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டுதான் இருந்தன. கூடியும் இருக்கலாம். இந்த ஒன்பது வருஷத்து மழையைப் பற்றி இனி பிரம்மாவே வந்து வாதாடினாலும் ஒரு சொட்டு நிரூபிக்க முடியாது. ஒன்றரை மணி நேரம் தோற்றுக்கொண்டிருந்த பேராசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது. அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். எது செய்தாலும் குமட்டத்தான் செய்யும்.

மடியிலிருந்த துணிப்பையின் வாயைச் சுருட்டி மடக்கினாள்.

"இருந்தாலும் அந்த ரேடியோக்காரனை விடக் கூடாது தாயி. பழைய கணக்கை வச்சுத்தேன் சொல்றோம்கிறான். நம்ம மலைல கோடைல மழை இல்லைன்னு அவனுக்கு எவ சொன்னா?" அழகுத்தாய் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். சாக்கைப் பார்த்தாள். "அட... நாந்தேன் சொன்னனோ?" பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள். "நான் சொன்னா? கைநாட்டுக்கு ஒரு படி மேல படிச்சவ, அடுப்படியில உக்காந்து எழுதுறேன். படிச்சவன் அதை நம்பலாமா? ஒரு நாளாவது ஒருத்தன் மேட்டுல ஏறி நேருல பாத்திருந்தா, புனலு இல்லாத டப்பாவைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிருப்பான்ல? கணக்கு இருக்காம், கணக்கு! என் மொளகு நாறுனதுக்கு நான் பாதின்னா, வராத படிச்சவன் மீதி!"

மூன்று வருஷத்தில் முதல்முறையாக நேரில் வருகிறவள், குனிந்து சாக்குக்கு அடியில் எலுமிச்சம்பழத்தைத் தேடினாள்.

தகரக் கூரையில் முதலில் நாலைந்து கல் விழுந்த மாதிரி சத்தம். அப்புறம் மொத்தமாக இடிந்து கொட்டியது. கண்டக்டர் ஓடி ஓடி ஜன்னல் படுதாக்களை இறக்கினார். போடிமெட்டு தாண்டி, எதிரே ரோடு இருக்கிறதா என்று டிரைவரே தலையை நீட்டிப் பார்க்கும் அளவுக்கு வெள்ளையாக ஊற்றியது.

"குருவிப்பாறை! குருவிப்பாறை எறங்கு! ஏம்மா, காமிரா வச்ச அம்மா, நீங்களும் குருவிப்பாறைதானே டிக்கெட்டு?"

திரிபுரசுந்தரி இல்லை என்று தலையசைத்தாள். பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

அழகுத்தாய் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். மிளகுக்கு இனி நனைய மிச்சமில்லை. இரண்டு எட்டு வைத்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து ஜன்னல் படுதாவைத் தூக்கி முகத்தை உள்ளே நீட்டினாள். மூக்கு நுனியில் மழை சொட்டியது.

"வறண்ட வானிலையப் பாத்தியா? இதுக்கும் சைபர் போட எனக்கே கூசுது தாயி. மூத்தவ வயசை ஒண்ணாந்தேதிக்குப் போட்டாச்சு, மத்ததுக வயசு பத்தாது. ஆமா... உனக்கு எத்தனை?"

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். திரிபுரசுந்தரியின் கை தானாக எழுந்தது. முதலில் இரண்டு விரல், பிறகு நாலு.

"இருபத்திநாலா! ஆத்தீ..." அழகுத்தாய் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, கணக்குச் சரிதான் என்பது போலத் தலையாட்டினாள். "நல்ல மழைதேன், போ."