தம்பி மனைவியின் கை

ரோஜாக் குச்சியின் அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டுவது எதற்கென்று பலருக்குத் தெரியாது, டாக்டர். நடும்போது எது தலை, எது கால் என்று குழம்பக் கூடாது, அவ்வளவுதான். தலைகீழாக நட்ட குச்சி வேர் பிடிக்காது. இருபத்தாறு வருடமாக எங்கள் நாற்றுப்பண்ணையில் குச்சி வெட்டுவது நான்தான். தம்பி விற்பனையைப் பார்த்துக்கொள்வான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை ஆளாக்கியதும் நான்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஆத்திரக்காரி இல்லை. பொறுமை இல்லாதவளுக்கு இந்த வேலை ஒத்துவராது.

உங்கள் வார்டில் பதினைந்து நாளாகக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என் தம்பி மனைவி, வந்த புதிதில் அந்தக் கைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை மண்ணைத் தொட்டறியாதவள். பொழுது போகவில்லை என்று கொட்டகைக்கு வந்தாள். நான் கழித்துப் போட்ட குச்சிகளைப் பொறுக்கி மணல் தொட்டியில் நட்டாள். பத்துக்கு ஒன்பது துளிர்த்தது. என் தொட்டிகளில் எந்தக் காலத்திலும் ஏழைத் தாண்டியதில்லை.

தம்பி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தான். அவர்களும் சின்னவள் நட்டது எது என்று கேட்டு வாங்கிப் போனார்கள். ஒருநாள் சாப்பிடும்போது என்னிடமே சொன்னான்:

"அக்கா, நீ வெட்டி மட்டும் குடு. நடுறத இனி அவளே பாத்துக்கட்டும். அவ கை ராசியான கை."

சரி என்றேன்.

மறுநாளிலிருந்து வெட்டி மட்டும் கொடுத்தேன். கொடுக்கும் முன் அடிப்பக்கத்தைக் கொதிக்கிற தண்ணீரில் பத்து எண்ணும்வரை வைத்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் இலை பச்சையாகவே நிற்கும். பிறகு அடியிலிருந்து கறுத்துக்கொண்டு ஏறும். எனக்கென்று ஓரமாக வைத்துக்கொண்ட நாலைந்து தொட்டிகள் மட்டும் வழக்கம்போல் தழைத்தன.

அவள் முதலில் மணலைக் குறை சொன்னாள். பிறகு தண்ணீரை, வெயிலை. குறை சொல்ல எதுவும் மிச்சமில்லாதபோது தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். ராசியில்லாத கை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "விடும்மா, இதுல என்ன இருக்கு" என்று ஆறுதல்தான் சொன்னேன். இரண்டு வருடத்தில் அவள் கொட்டகைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். யாராவது தொட்டியை நகர்த்தி வைக்கச் சொன்னால்கூடக் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். தம்பி முதலில் கேலி செய்தான், பிறகு எரிந்து விழுந்தான், பிறகு கண்டுகொள்வதை விட்டுவிட்டான்.

அப்புறம் பெண் குழந்தை பிறந்தது. ஆறாவது வாரம் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்று மாலை, அவள் மடியில் கிடந்த குழந்தைக்கு உடம்பு அனலாகச் சுட்டது. தம்பி வெளியூரில் இருந்தான். நாங்கள் இருவரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஊசி போட்டா காய்ச்சல் வரத்தான் செய்யும்மா. நாளைக்கு விட்டுடும்" என்றாள்.

வெளியே வந்தேன். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தாள்.

"அக்கா, நான் தூக்கி வச்சிருந்ததாலயா?"

பதறிப்போய் ஏதோ உளறிவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"கொஞ்ச நாளைக்கு நீ தொடாம இரு."

ஐந்தே சொல். மறுநாள் காய்ச்சல் விட்டது. அதற்குமேல் அவளுக்குச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

பால் கட்டிக்கொண்டு அவள் அடுத்த அறையில் முனகுவது எனக்குக் கேட்கும். நான் என் அறையில் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருப்பேன். அதற்கு இப்போது ஐந்து வயது. என்னைத்தான் அம்மா என்கிறது. அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியாது, அதனால் கூப்பிடுவதில்லை. போன மாதம் அவள் கண்ணெதிரே படியில் உருண்டு நெற்றி பிளந்து கிடந்தபோதும், நான் வரும்வரை அவள் கைகளை இறுக்கிக்கொண்டு அலறினாளே தவிரத் தொடவில்லை. அன்றிலிருந்துதான் சோற்றைக்கூடக் கையால் எடுப்பதில்லை.

அக்காவைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று தம்பி உங்களிடம் சொன்னானாம். வாஸ்தவம்தான். வெந்நீரில் வைத்ததும் நான், நர்ஸ் சொன்னதை மறைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் அவளிடமே போய்ச் சொல்லுங்கள். உங்களை நம்பமாட்டாள். இந்த ஆஸ்பத்திரியில் நான் ஊட்டினால்தானே வாயைத் திறக்கிறாள்?

ஒவ்வொரு வாய்க்கும் நடுவே, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்பேன். அது பொய் இல்லையே. தான் தொடாததால்தான் குழந்தை பிழைத்துக் கிடக்கிறது என்று அப்போது அவள் முகம் தெளிவதை நீங்கள் பார்த்ததில்லை, டாக்டர். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தவள் நான். அதைப் பிடுங்கத்தான் நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.