மீனம்பாக்கம் ஓட்டலில் மதியச் சாப்பாடு

காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். பால் வாங்கி வந்து, ஒரு அடுப்பில் பாலையும் மறு அடுப்பில் ஊசியையும் வைப்பேன். கண்ணாடி ஊசி, பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலின் குப்பியை ஈர மணல் நிரப்பிய சட்டியில் வைத்திருந்தோம். என் மனைவி தாட்சாயிணிக்குத் தானே குத்திக்கொள்ளப் பயம். நான்தான் போடுவேன், ஒரு நாள் இடது கை, மறுநாள் வலது கை. அரை மணிக்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அவள் இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதைப் பார்த்துவிட்டு, கொரட்டூரில் ஏழேகால் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவேன். கல்யாணமான இரண்டு வருடத்தில், முதல் மூன்று மாதம் தவிர, தினமும் இப்படித்தான்.

ஐயா, நேற்று நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தபோது நீங்கள் இல்லை. ஏட்டு வேம்புலி பாதி கேட்டுவிட்டு, "இதுல இன்னா கேசு கீது நைனா? மாரடைப்புன்னு டாக்டரே எழுதிக் குடுத்துகீறாரு. ஊட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். அவர்மேல் குறையில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் என்பது எங்களுக்கும் அவள் பெற்றோருக்கும் மட்டுமே தெரியும். கல்யாணத்துக்கு முன் என்னிடமும் மறைத்தார்கள். மூன்றாம் மாதம் தெரிந்தபோது மாமியார் பொன்னம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இளையவளுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே விட்டுவிடாதீர்கள் என்று அழுதார். நான் விடவில்லை. பிறகு மறைப்பதும் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இந்த வருடம், எண்பத்தெட்டில், கம்பெனி என்னை ஜெர்மனிக்கு அனுப்ப நினைத்தது. இரண்டு வருடம், மனைவியோடு. படிவத்தில் அவள் உடல்நிலை கேட்ட இடத்தில் 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து வரும் அதிகாரி மீனம்பாக்கத்தில் இறங்கி, விமான நிலைய ஓட்டலில் எங்களோடு சாப்பிடுவார், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்றார் மேனேஜர் தேவராஜ்.

ஓட்டலுக்குள் இந்திய உணவகம் என்று தனியாக ஒன்று இருந்தது. தலைப்பாகை கட்டியவர் கதவைத் திறந்தார். தாட்சாயிணி பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு என் காதில், "இது இந்தியச் சாப்பாடுன்னா, நம்ம ஊட்ல துன்றது எந்த நாட்டுச் சாப்பாடு?" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று கிள்ளினாள்.

அவளுக்கு மதியத்தில் ஊசி கிடையாது. விருந்து என்றால் மட்டும் கொஞ்சம் போடுவோம். கல்யாண வீடுகளில், பந்தியில் இலை போட்டதைப் பார்த்த பிறகுதான் போடுவேன். இலை விழுந்தால் அடுத்தது சோறு. இங்கே மேசையில் தட்டும் கரண்டியும் வைத்திருந்தார்கள். அவளைக் கார் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போய் எட்டு யூனிட் போட்டேன். மணி பன்னிரண்டரை. அந்த மாதிரி இடங்களில் தட்டு காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

விமானம் தாமதம். விருந்தாளி வராமல் சாப்பாடு சொல்லக் கூடாது என்றார் தேவராஜ். லைம் சோடா மட்டும் சொன்னார். ஸ்வீட்டா சால்ட்டா என்று பரிமாறுகிறவர் கேட்டார். அவளுக்கும் சேர்த்து சால்ட் என்றேன். பழக்கம்.

ஒன்றே முக்காலுக்கு அவள் மேலுதடு வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வியர்வையை நான் பதினோரு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு ஸ்பூன் சர்க்கரை கொடுத்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அவள் மேசைக்கடியில் என் முழங்காலைத் தட்டினாள். எதிரே தேவராஜ். அவருடைய அம்மாவுக்கும் இதே நோய். சர்க்கரை கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும். கொஞ்சம் பொறு என்றேன். பக்கத்து மேசையில் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் புது மாப்பிள்ளைதான் போல என்று தேவராஜ் சிரித்தார்.

இரண்டேகாலுக்கு ஜெர்மன் அதிகாரி வந்தார். கும்பிட எழுந்தவள் அப்படியே சரிந்தாள்.

கம்பெனி காரில் பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டு போனேன். தேவராஜ் இன்னொரு வண்டியில் வந்து சேர்ந்தார். டாக்டர் சின்ன வயது. சுகர் உண்டா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தேவராஜ் பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன். மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்றார். அதற்கும் இல்லை என்றேன். ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள், முடிவு மறுநாள் வரும் என்றார்கள். நாலு மணிக்குத் தேவராஜ் போய்விட்டார். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தே முக்காலுக்கு முடிந்துவிட்டது என்று வந்து சொன்னார்கள். ரத்த முடிவுக்குக் காத்திராமல் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஊசி போட்டது தெரியாமல் செய்த தவறு. மற்றதெல்லாம் தெரிந்து செய்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். 'நீங்கள் எப்படியும் ஜெர்மனி போக வேண்டும்' என்று அவள் சொன்னதாகச் சொன்னேன். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. காரில், என் மடியில் தலை கிடக்க, நாக்குக் குழறி அவள் சொன்னது இதுதான்:

"எனக்குப் பேச வரல. டாக்டராண்ட நீங்க சொல்லிடுவீங்க இல்ல?"